பகையிற் பிறக்கும் காதல்

ஆங்கிலத்தில் இன்று பெருவாரியாக அச்சாகி விற்பனையாகும் காதல் நாவல்களுள், முதல் அத்தியாயத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் ஏறெடுத்துப் பார்க்கவும் சகியாத நாயகனும் நாயகியும் கடைசி அத்தியாயத்தில் கணநேரப் பிரிவையும் சகியாதவர்களாக ஆகிவிடுகிற கதைகளுக்கென்றே ஒரு தனி வாசகக் கூட்டம் உண்டு. ‘எனிமீஸ் டு லவர்ஸ்’ என்று அவ்வகைக்குப் பெயர். பிறர் படைத்த பாத்திரங்களை வைத்துத் தாமே கதை எழுதிப் பரிமாறிக்கொள்ளும் அபிமானிகள், இன்ன கதையில் இன்ன ரஸம் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் அறிவிப்பதற்காகப் பெரிதும் வழங்கிவந்த குறிச்சொல் அது; நாளடைவில் பதிப்பாளரின் விளம்பரத்தில் ஏறி, புத்தகத்தின் பின்னட்டையிலேயே அச்சாகும் அந்தஸ்தைப் பெற்றுவிட்டது. மருந்துப் புட்டியின்மேல் ஒட்டிய சீட்டைப் படித்து வாங்குவதுபோல வாசகர் இப்பொழுது நாவலை வாங்குகிறார். இந்நாவல்களை விருப்பத்தோடு படிப்பவன் என்ற முறையில் எனக்குள்ள ஆக்ஷேபம் சீட்டு ஒட்டுவதைப் பற்றியதன்று. சீட்டிலே எழுதியிருக்கிற சரக்கு பெரும்பாலும் புட்டிக்குள் இருப்பதில்லை என்பதே. காதல் இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. பகையைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

முடிவு முன்பே தெரிந்த கதைகள் என்று இவற்றை ஏளனம் செய்வாருண்டு. 1980-இல் தொடங்கப்பெற்ற அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம், காதல் நாவலுக்கு இலக்கணம் கூறுகையில், காதலே கதையின் நடுநாயகமாக இருக்கவேண்டும், முடிவு மனத்துக்கு நிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்கவேண்டும் என்ற இரண்டையே விதித்தது. ஆகவே இருவரும் சேர்வார்களா என்ற கேள்வி இந்நூல்களில் எழுவதே இல்லை. எவ்வாறு சேர்வார்கள், எதைக் கொடுத்துச் சேர்வார்கள் என்பதே கேள்வி. நளனும் தமயந்தியும் மீண்டும் கூடுவார்கள் என்பதை அறிந்தே நளவெண்பாவைக் கையில் எடுப்பவர்கள் நாம். முடிவு தெரிந்திருப்பதை ஒரு குறையாகச் சொல்ல நமக்கு வாயில்லை.

பமேலா ரீஜிஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியை 2003-இல் வெளியிட்ட தமது ஆராய்ச்சி நூலில் காதல் நாவலுக்கு இன்றியமையாத அங்கங்கள் எட்டு என வகுத்து, அவற்றுள் ஒன்றாகக் காதலர் இடையே நிற்கும் தடையைக் கூறுகிறார். தடை புறத்தே இருக்கலாம், அகத்தே இருக்கலாம். புறத்தடைகள் மலிந்திருந்த காலத்தில் நாவலாசிரியருக்கு இதுபற்றிக் கவலையே இல்லை. தகப்பனாரின் சம்மதம், குலம், மதம், சொத்துரிமைச் சட்டம், கையில் காசில்லாமை என்று எத்தனையோ சுவர்களை உலகமே எழுப்பி வைத்திருந்தது. எழுத்தாளர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் போதும். இன்றைய நியூயார்க்கிலோ லண்டனிலோ, உத்தியோகமும் தனி ஜாகையும் உடைய இருவர் ஒருவரை ஒருவர் விரும்பினால், இரண்டாவது அத்தியாயத்திலேயே அவர்கள் கூடிவிடுவதைத் தடுப்பார் யாருமில்லை. எஞ்சிய முந்நூறு பக்கங்களை எதைக்கொண்டு நிரப்புவது? புறத்தே இடிந்துபோன சுவரை அகத்தே எழுப்பியாகவேண்டிய நிர்ப்பந்தத்தினால்தான், என் அபிப்பிராயத்தில், இப்பகைக் கதைகள் இத்தனை பெருகியிருக்கின்றன. ஜாதியும் உறவினரும் காதலின் குறுக்கே இன்னும் கத்தியோடு நிற்கிற நம் நாட்டில், காதலரே ஒருவரை ஒருவர் பகைத்துக்கொள்ளவேண்டிய அவசியம் கதாசிரியர்களுக்கு அவ்வளவாக நேர்வதில்லை. ஆயினும் ரமணிசந்திரனின் நாவல்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, தப்பபிப்பிராயத்தினால் முகம் கடுத்து நிற்கும் நாயகன் அந்நியனல்லன்.

அலுவலகப் பகைக் கதைகளுக்கு மேல்வரிச் சட்டமாக அமைந்தது, ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஸாலி தார்ன் 2016-இல் வெளியிட்ட ‘தி ஹேட்டிங் கேம்’ என்னும் நாவல். நொடித்துப்போகும் நிலையிலிருந்த இரண்டு புத்தகப் பதிப்பகங்கள் ஒன்றாக இணைகின்றன; இணைந்த நிறுவனத்துக்குத் தலைவர் இருவர்; தலைவர் ஒவ்வொருவருக்கும் ஒரு காரியதரிசி. லூஸி, ஜோஷுவா என்னும் அவ்விரு காரியதரிசிகளும் ஒரே அறையில் எதிரெதிராக மேஜை போட்டு உட்கார்ந்து, யார் முதலில் கண்ணிமைப்பது என்று முறைத்துப் பார்ப்பதும், ஒருவர் அசைவை மற்றவர் அப்படியே செய்துகாட்டுவதும், ஒருவர்மேல் ஒருவர் நிர்வாகத்திடம் புகார் கொடுப்பதுமாகக் காலம் கழிக்கிறார்கள். இந்நிலையில் மேற்பதவி ஒன்று காலியாகி, அதற்கு இருவரும் போட்டியிட நேர்கிறது. சம்பாஷணை எழுதுவதில் தார்ன் வல்லவர். சொல்லுக்குச் சொல் உரசித் தீப்பொறி பறக்கும் அந்த முதற்பகுதியை, முன்பே படித்திருந்தும், நான் மறுபடி விரும்பிப் படிப்பதுண்டு. 2021-இல் வந்த திரைப்படம் அந்த உரசலை அவ்வளவாகக் கொண்டுவரவில்லை.

ஆனால் அந்தப் பகை எத்தன்மையது என்று ஆராயப் புகுந்தால் கை வெறுமையாகத் திரும்புகிறது. ஜோஷுவா தன் நாட்குறிப்பேட்டில் பென்சிலால் ஏதோ குறிகள் இட்டுவருவதை லூஸி கண்டுபிடித்து, தன்மேல் புகார் எழுதுவதற்காகச் சேகரிக்கும் சாட்சியம் என்றே முடிவு கட்டுகிறாள். அவை அவள் அன்றன்று அணிந்துவந்த உடையைப் பற்றிய குறிகள் என்று பின்னர் வெளியாகிறது. அவன் படுக்கையறைச் சுவருக்கு அடித்திருக்கும் வர்ணம் அவள் கண்களின் நிறம். முதல் நாள் அவளைக் கண்ட கணத்திலேயே அவன் மனம் பறிகொடுத்துவிட்டான். கூச்சத்தினாலும் தற்காப்பினாலும் முகத்தை மட்டும் கடுமையாக வைத்துக்கொண்டிருந்தான். பகையின் அடையாளமாக எதையெல்லாம் நாம் நம்பி வந்தோமோ அவையெல்லாம் ஒன்றுவிடாமல் காதலின் அடையாளங்களாகப் பெயர் மாறுகின்றன. பதவிப் போட்டி என்ற மெய்யான பிணக்கும், ஜோஷுவா வேறோரிடத்தில் வேலை தேடிக்கொண்டு விலகுவதனால், ஓசையின்றி அப்புறப்படுத்தப்படுகிறது. கதை முழுவதும் லூஸியின் வாயாலேயே, அதுவும் நிகழ்காலத்திலேயே சொல்லப்படுவது இதற்குத் தோதான உத்தி. எதிராளியின் மனத்துள் ஒருகணம் எட்டிப் பார்த்திருந்தால் முதல் பக்கத்திலேயே பகை தீர்ந்து, நாவலும் தீர்ந்திருக்கும். ஆக இங்கே மாற்றம் அடைந்தவர் எவருமிலர். தெரியாதிருந்தது தெரியவந்தது, அவ்வளவே.

இதை ஊடல் என்று சொல்லிச் சமாதானம் அடைவதும் பொருந்தாது. ஊடல் கூடலுக்குப் பின் வருவது. உரிமை உண்டென்று இருவரும் அறிந்தபின் அவ்வுரிமையைச் சோதித்துப் பார்க்கிற செல்லம் அது. வள்ளுவர் அதனை நூலின் கடைசி அதிகாரத்தில் வைத்ததும், அதற்குமுன் நெடுந்தூரம் நடந்தாகவேண்டும் என்பதனால்தான். இந்நாவல்களோ ஊடலின் இனிமையை முதல் அத்தியாயத்திலேயே வேண்டுகின்றன. அதற்கு ஆதாரமான உறவை நெடுநாளைய மௌன மோகமாகப் பின்னோக்கிக் கற்பித்துக்கொள்கின்றன.

இந்தப் பெயர் மாற்றத்தின்மேல் வாசகர்களுக்குள்ள ஆசை இன்று பிறந்ததன்று. டானியா மாட்லெஸ்கி 1982-இலும், ஜானிஸ் ராட்வே 1984-இலும் வெளியிட்ட ஆராய்ச்சி நூல்கள் இரண்டும், அக்காலத்து மலிவுப் பதிப்புக் காதல் கதைகளை ஏளனத்தோடு தள்ளிவிடாமல் நிதானமாக ஆராய்ந்தவை. ராட்வே அமெரிக்காவின் மத்தியப் பிரதேசத்து ஊர் ஒன்றில், அவ்வூருக்கு ஒரு புனைபெயரிட்டு, கதை படிக்கும் குடும்பஸ்திரீகளோடு உட்கார்ந்து பேசி அவர்களுடைய விருப்பு வெறுப்புக்களைக் குறித்துக்கொண்டார். கணவன், குழந்தைகள், சமையல் என்று நாள் முழுவதும் பிறரைப் பேணுவதிலே கழிய, தங்களைப் பேணுவார் ஒருவருமில்லாத அப்பெண்கள், நாயகனுடைய முரட்டுத்தனத்தைக் கதையின் பிற்பகுதியில் வேறுவிதமாகப் பொருள் கொள்ள வாய்ப்புத் தரும் கதைகளையே பெரிதும் விரும்பினார்கள்: அவன் கடுமை கடுமையன்று, முன்பு பட்ட காயம், அவன் அலட்சியம் அலட்சியமன்று, வெளியே சொல்லத் தெரியாத பரிவு. வீட்டிலுள்ள ஆண்மகனின் மௌனத்தையும் அவ்வாறே படித்துத் தெளிய ஒரு பயிற்சியை இக்கதைகள் அளிக்கின்றன என்பது ராட்வேயின் முடிபு. அது ஆறுதலா, ஏமாற்றா என்பதை அவரும் தீர்த்துச் சொல்லிவிடவில்லை. எனக்கு அது ஏமாற்றென்றே பலகாலும் தோன்றுகிறது. ஆனால் ஓய்வாக உட்கார்ந்து படிக்கிற ஓர் ஆண்பிள்ளை, அந்த ஆறுதலுக்குத் தேவையுள்ளவர்களைப் பார்த்து அதைச் சொல்வது சுலபம் என்பதையும் நினைக்கவேண்டியிருக்கிறது.

இக்கதைகள் அனைத்தும் தங்கள் கோத்திரத்தைச் சொல்லிக்கொள்ளும்போது ஜேன் ஆஸ்டினின் பெயரையே சொல்கின்றன. 1796-97-இல் வேறொரு பெயரில் எழுதப்பட்டு, ஒரு பதிப்பாளரால் படித்துப் பார்க்கப்படாமலே நிராகரிக்கப்பட்டு, திருத்தப்பெற்று, உரிமை 110 பவுனுக்கு விற்கப்பட்டு, 1813-இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த ‘பிரைட் அண்டு பிரெஜுடிஸ்’ நாவல்தான் மூலபுருஷர் என்பதில் சந்தேகமில்லை. சந்ததியார் அதிலிருந்து எடுத்துக்கொண்டவை சினந்த நாயகன், கூர்மையான நாவுடைய நாயகி, நாவலின் நடுவில் ஒரு மறுக்கப்பட்ட விவாகப் பிரார்த்தனை ஆகியவை. எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டதே அந்நூலின் உயிர்நிலை.

நாயகன் டார்ஸியின் கடிதத்தை நாயகி எலிஸபெத் படிக்கும் அத்தியாயத்தைச் சற்றே நெருங்கிப் பார்க்கலாம். முந்தைய நாள் அவன் தன்னை மணந்துகொள்ளும்படி கேட்டபோது, தன் தமக்கை ஜேனுக்கும் அவன் நண்பன் பிங்லிக்கும் இடையே பிரிவை உண்டாக்கியவன் என்றும், விக்கம் என்னும் இளைஞனின் வாழ்வைக் கெடுத்தவன் என்றும் இரண்டு குற்றங்களை அவள் அவன் முகத்தெதிரே சாட்டியிருந்தாள். மறுநாட் காலையில் தோப்பு வழியில் அவன் நீட்டிய கடிதம் இரண்டுக்கும் பதில் கூறுகிறது. விக்கம் விஷயத்தில் அவள் முற்றிலும் பிசகியிருந்தாள்: குருமார் பதவிக்கு ஈடாக 3,000 பவுன் வாங்கிக்கொண்டு அதைத் தொலைத்தவன் அவன், 30,000 பவுன் சீதனம் உடைய டார்ஸியின் தங்கையை, அவளுக்குப் பதினைந்தே வயதாயிருக்கையில், மயக்கி ஓடிப்போகவைக்க முயன்றவனும் அவனே. ஜேன் விஷயத்திலோ குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. டார்ஸி அதை மறுக்கவுமில்லை. ஜேனின் அன்பு வெளிப்படையாகத் தெரியவில்லை என்றும், அவள் குடும்பத்தாரின் நடத்தை மரியாதைக் குறைவானது என்றும் காரணம் மட்டும் சொல்கிறான். எலிஸபெத் கடிதத்தை மடிக்கிறாள், மறுபடி பிரிக்கிறாள், நடந்துகொண்டே திரும்பவும் படிக்கிறாள். அறிமுகமான மறுநாளே ஓர் அந்நியப் பெண்ணிடம் தன் குடும்ப வழக்கையெல்லாம் விக்கம் சொன்னானே, அது முறையா என்று அப்பொழுதுதான் அவளுக்கு உறைக்கிறது. தன் தாயாரைப் பற்றி டார்ஸி எழுதியிருப்பது பொல்லாதது, பொய்யன்று. அதுதான் அவளை அதிகமாகச் சுடுகிறது.

பாதி பொய்யாகவும் பாதி மெய்யாகவும் நிற்கிற பகை இது. எலிஸபெத்தின் வெறுப்பை ஆஸ்டின் அடியோடு தப்பென்று தள்ளியிருந்தால் அவள் அசடாகியிருப்பாள்; முழுவதும் சரியென்று வைத்திருந்தால் அவர்கள் சேர்ந்திருக்க இயலாது. டார்ஸியின் கர்வம் காதலை மறைக்க அணிந்த வேஷமன்று. அவன் மெய்யாகவே கர்வி. அதை விட்டொழிக்க அவன் கொடுத்த விலையும் மெய்யானது: எலிஸபெத்தின் தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போன பிறகு, உலகத்திலே தான் மிகவும் அருவருக்கும் அம்மனிதனைத் தேடிப் பிடித்து, அவன் எதிரே உட்கார்ந்து பேரம் பேசி, அவன் கடனை அடைத்து, பட்டாளத்தில் உத்தியோகமும் வாங்கிக் கொடுத்து, யாருக்கும் சொல்லாமல் இருக்கிறான். இந்தக் கணக்கைத் தீர்க்காமல் ஆஸ்டின் கல்யாணத்தை நடத்தவில்லை. ஷேக்ஸ்பியரும் நடத்தவில்லை. ‘மச் அடோ அபௌட் நத்திங்’ நாடகத்தில் பியாட்ரிஸையும் பெனடிக்கையும் நண்பர்கள் ஒட்டுக்கேட்க வைத்து ஏமாற்றிக் காதலிக்க வைப்பது வெறும் விளையாட்டு. அபவாதத்துக்கு ஆளான தன் சகோதரிமுறைப் பெண்ணின் பொருட்டு, உன் ஆப்த சிநேகிதனையே நீ கொல்லவேண்டும் என்று பியாட்ரிஸ் கேட்கும் கட்டத்தில் அந்த விளையாட்டு முடிந்துபோகிறது.

விலை கொடாமல் பகையைத் தீர்க்கும் கதைக்கு ஒரு நல்ல உதாரணம் திரைப்படத்திலிருந்து கிடைக்கிறது. 1940-இல் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் எடுத்த ‘தி ஷாப் அரௌண்டு தி கார்னர்’ படத்தில், புடாபெஸ்ட் நகரத்துக் கடை ஒன்றில் வேலை செய்யும் இரண்டு சிப்பந்திகள் நேரில் சண்டையிட்டுக்கொண்டே, ஒருவரை ஒருவர் இன்னாரென்று அறியாமல் கடிதத்தில் காதலிக்கிறார்கள். இருவரும் சம்பளக்காரர்கள், இருவருக்கும் மேலே ஒரே முதலாளி. 1998-இல் நோரா எஃப்ரான் அக்கதையைப் புதுப்பித்து ‘யூவ் காட் மெயில்’ என்று எடுத்தபோது, நாயகியைத் தாயார் விட்டுப்போன சிறிய குழந்தைப் புத்தகக் கடைக்கு உரியவளாகவும், நாயகனை அக்கடையை விழுங்க வருகிற பெரிய வியாபார ஸ்தாபனத்தின் வாரிசாகவும் மாற்றினார். பகைக்கு இதைவிட மெய்யான காரணம் வேண்டியதில்லை. ஆனால் கடை மூடப்பட்டது மூடப்பட்டதுதான். நாயகன் எதையும் இழக்கவில்லை. கடைசிக் காட்சியில் நந்தவனத்தில் அவள் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறாள். படம் ரம்மியமானது, அந்தக் கண்ணீரை மட்டும் எனக்கு நம்ப முடிந்ததில்லை.

மாயலோக நாவல்களில் பகைக்குக் காரணம் பஞ்சமில்லை. அங்கே யுத்தமும் சிம்மாசனமும் உண்டு. ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ 2023-இல் வெளிவந்து உலகெங்கும் விற்றது. நாயகன் ஸேடனுடைய தகப்பன் கலகத்துக்குத் தலைமை தாங்கி மரண தண்டனை பெற்றவன்; அத்தண்டனையோடு சம்பந்தப்பட்ட சேனாபதி நாயகி வயலெட்டின் தாய்; வயலெட்டின் தமையன் அதே கலகத்தில் மாண்டவனாகக் கருதப்படுகிறான். இரண்டு பக்கமும் இரத்தப் பழி. இத்தனையும் இருந்து என்ன? அவர்கள் ஏறும் டிராகன்கள் இரண்டும் ஜோடி என்று அமைத்து, ஒருவர் உயிரோடு மற்றவர் உயிரைப் பிணைத்துவிடுகிறார் ஆசிரியர். அருகருகே இருக்க நிர்ப்பந்தம் ஏற்பட்டுவிட்டபின் பழியைப் பற்றி யாரும் நின்று பேசுவதில்லை. வெறுப்பு என்ற உணர்ச்சிக்கு இருவரை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் சக்தி உண்டென்பதில் இவ்வாசிரியர்களுக்கு நம்பிக்கை போதாது என்று தோன்றுகிறது. ஆகையால்தான் டிராகனோ, எதிரெதிர் மேஜையோ, விடுதியில் ஒரே கட்டிலோ வேண்டியிருக்கிறது.

ஹாலி பிளாக் 2018-இல் எழுதிய ‘தி க்ரூயல் பிரின்ஸ்’ இதற்கு விலக்கு. பெற்றோரைக் கொன்றவனாலேயே மாயலோகத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, அவன் வீட்டிலேயே வளரும் ஜூட் என்னும் மானிடப் பெண், பொய் சொல்ல இயலாத தேவ ஜாதியாரிடையே பொய் சொல்ல வல்லவளாக வாழ்கிறாள். இளவரசன் கார்டனும் அவன் கூட்டாளிகளும் அவளை இம்சிப்பது விளையாட்டன்று, இம்சைதான். அவள் பெயரை அவன் காகிதத்தில் திரும்பத் திரும்ப எழுதிவைத்திருப்பது வெளிப்படும்போதும், அந்த எழுத்தில் அன்பா ஆத்திரமா எது இருக்கிறதென்று நிச்சயிக்க முடிவதில்லை. அவள் அவனுடைய மனம் கனியும்வரை காத்திருக்கவில்லை. ஒரு வருஷமும் ஒரு நாளும் தன் ஆணைக்கு அடங்கியிருப்பதாக அவனிடம் தந்திரமாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு, அவனை எதிர்பாராமல் அரசனாக முடிசூட்டி, ராஜ்யத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள். அவ்வளவில் நூல் முடிகிறது. காதல் என்று பெயர் சொல்ல அடுத்த நூல்கள் வரை நாம் காத்திருக்கவேண்டும். இருவருக்கும் இடையே உள்ள பலத்தின் தாரதம்மியம் சரியாகும்வரை காதலைப் பேசாதிருந்த அந்தப் பொறுமை, இவ்வகை எழுத்தில் அபூர்வம்.

பலத்தின் தாரதம்மியம் என்று சொன்னதை விளக்க ஒரு பழைய அவமானத்தையும் நினைவுகூரவேண்டும். 1919-இல் ஈ. எம். ஹல் எழுதிய ‘தி ஷேக்’ நாவலில், பாலைவனத்துத் தலைவனால் தூக்கிச் செல்லப்பட்டுப் பலாத்காரத்துக்கு ஆளாகும் ஆங்கிலப் பெண் அவனையே காதலிக்கிறாள். பின்னர், அவன் அராபியனே அல்லன், ஓர் ஆங்கிலப் பிரபுவின் புத்திரன் என்று தெரியவந்து வாசகரின் மனச்சாட்சிக்கும் நிறவெறிக்கும் ஏககாலத்தில் சாந்தி செய்யப்படுகிறது. 1972-இல் காத்லீன் வுடிவிஸ் எழுதி லட்சக்கணக்கில் விற்ற ‘தி ஃபிளேம் அண்டு தி ஃபிளவர்’ கதையும் பலாத்காரத்திலேயே தொடங்குகிறது. அந்தக் கட்டத்தை இன்றைய எழுத்தாளர்கள் பெரும்பாலும் கடந்துவிட்டார்கள். சம்மதம் கேட்காத நாயகனை இன்றைய வாசகி சகிப்பதில்லை. பகை நீர்த்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நாயகன் மெய்யாகத் தீங்கு செய்யவும் கூடாது, பகைவனாகவும் இருக்கவேண்டும் என்றால், தீங்குபோலத் தோன்றும் நன்மைகளைத்தான் அவன் செய்துகொண்டிருக்க முடியும்.

காதலால் தீர்க்கத் தகாத பகையும் உண்டு. கேட் பிரெஸ்லின் 2014-இல் வெளியிட்ட ‘ஃபார் ஸச் எ டைம்’, விவிலியத்து எஸ்தர் கதையை நாஜிக் காலத்துக்கு மாற்றி, தெரேஸியன்ஸ்டாட் சிறைமுகாமின் தலைவனுக்கும் அவனிடம் அகப்பட்ட யூதப் பெண்ணுக்கும் காதல் கற்பிக்கிற நாவல். சுமார் 33,000 பேர் பசியாலும் நோயாலும் மடிந்த இடம் அது. அங்கிருந்து கொலைக்களங்களுக்கு ரயிலேற்றப்பட்டவர் தொகை அதனினும் பெரிது. 2015-இல் முற்கூறிய எழுத்தாளர் சங்கத்தின் பரிசுக்கு அந்நூல் இரண்டு பிரிவுகளில் இறுதிச் சுற்றுவரை சென்றபோது, ஸாரா வெண்டெல் என்னும் விமர்சகி சங்கத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிக் கண்டித்தார்; பலரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் கண்டித்தது சரி. இங்கே பகை இருவருக்கிடையில் இல்லை. ஒரு ஜனசமூகத்தை அழிக்கும் யந்திரத்துக்கும் அதில் அரைபடுகிறவர்களுக்கும் இடையில் இருக்கிறது. மடிந்தவர்கள் சார்பில் மன்னிப்பு வழங்க ஒரு பெண்ணின் காதலுக்கு அதிகாரம் கிடையாது. ஹாரி பாட்டர் அபிமானக் கதையாகத் தொடங்கி, 2025-இல் தனி நாவலாக அச்சேறிய ஸென்லின்யூவின் ‘ஆல்கமைஸ்டு’ இந்த ஆபத்தை உணர்ந்திருக்கிறது. யுத்தத்தின் கோரத்தை மூடி மறைக்காத நூல் அது. ஆனாலும் சிறையதிகாரி இரகசியத்தில் நாயகியின் பக்கத்தவனாகவே இருந்தவன் என்று வெளிப்படும்போது, ஜோஷுவாவின் பென்சில் குறிகளுக்கே நாம் திரும்பி வந்துவிடுகிறோம்.

எலிஸபெத் கேஸ்கெல் எழுதிய ‘நார்த் அண்டு ஸௌத்’ 1854 செப்டம்பரிலிருந்து 1855 ஜனவரி வரை டிக்கன்ஸின் வாரப்பத்திரிகையில் தொடர்ந்து வெளிவந்தது. தலைப்பை இட்டவரும் டிக்கன்ஸ்தான். இவ்வகையில் ஆஸ்டினுக்கு அடுத்தபடியாக, சில அம்சங்களில் ஆஸ்டினுக்கும் மேலாக, அதை நான் மதிக்கிறேன். தென்னாட்டுப் பாதிரியாரின் மகள் மார்கரெட் ஹேலும், வடக்கே புகை மண்டிய மில்டன் நகரத்துப் பருத்தி ஆலை முதலாளி ஜான் தார்ன்டனும் சண்டையிடுவது ஒருவர் நடத்தையைப் பற்றி மட்டுமன்று. கூலியைப் பற்றி, வேலைநிறுத்தத்தைப் பற்றி, தொழிலாளிக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவனா முதலாளி என்பதைப் பற்றி. வேலைநிறுத்தத்தை முறிக்கத் தார்ன்டன் அயர்லாந்திலிருந்து ஆட்களைக் கொண்டுவர, பசித்த கூட்டம் ஆலை முற்றத்தில் திரள்கிறது. ஆண்மகனாக இறங்கிப் போய் அவர்களோடு பேசும்படி அவனைத் தூண்டியவள் மார்கரெட். ஆபத்து முற்றியதும் குறுக்கே புகுந்து அவன்மேல் விழவேண்டிய கல்லடியை ஏற்றவளும் அவளே. மறுநாள் அவன் மணம் வேண்டி வருகிறான், அவள் மறுக்கிறாள். அக்கூட்டத்தில் எந்த மனிதனுக்காகவும் தான் அவ்வாறே செய்திருப்பேன் என்ற அவள் பதில், அவனை மட்டுமன்றித் தன்னையும் பாதுகாத்துக்கொள்ளச் சொன்னது. பின்னர் தலைமறைவாயிருக்கும் தமையனைக் காக்க அவள் ஒரு பொய் சொல்ல நேர, மாஜிஸ்திரேட் என்ற முறையில் அவ்விசாரணையை நிறுத்திவைத்து அவளை மௌனமாகக் காப்பாற்றுகிறான் தார்ன்டன், அவள் வேறொருவனை விரும்புவதாக எண்ணிக்கொண்டே.

தார்ன்டன் மாறுகிறான், ஆனால் மார்கரெட்டின் சொல்லைக் கேட்டு மட்டும் மாறுவதில்லை. ஹிக்கின்ஸ் என்னும் தொழிற்சங்கக்காரனை வேலைக்கு வைத்துக்கொண்டு, அவனோடு வாதாடி, ஆலையில் தொழிலாளர்க்கு ஒரு சாப்பாட்டறை அமைக்க உதவி, சில நாட்களில் அவர்களோடு உட்கார்ந்து உண்டு, அதன்பின் மாறுகிறான். வியாபாரம் நொடித்து ஆலையை விடவேண்டிய நிலை வந்தபோது, லண்டனில் ஒரு விருந்தில் பார்லிமெண்டு அங்கத்தினர் ஒருவர் அவனைக் கேட்கிறார்: இம்மாதிரிப் பரீக்ஷைகளால் வேலைநிறுத்தங்கள் நின்றுவிடுமா? நிற்கும் என்று அவன் சொல்லவில்லை. இதுகாறும் அவற்றில் இருந்துவந்த விஷம் நீங்கினால் போதும், அதற்குமேல் தான் எதிர்பார்ப்பதற்கில்லை என்கிறான். தற்காலத்துப் பகைக் கதை எழுதும் எவரும் இந்தப் பதிலைத் தம் நாயகன் வாயில் வைக்கத் துணியமாட்டார். அவர்களுக்குப் பகை முற்றும் ஒழிந்தாலன்றிக் கதை முடிவதில்லை. கேஸ்கெலோ முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள வழக்கைத் தீர்க்காமலே, அவ்வழக்கில் எதிரெதிரே நின்ற இருவரைச் சேர்த்து வைக்கிறார்.

பத்திரிகையில் இடம் குறுகியதால் முடிவு அவசரப்பட்டுவிட்டதென்று கேஸ்கெலுக்கு மனக்குறை இருந்தது. 1855-இல் இரண்டு பாகங்களாகப் புத்தகம் வெளிவந்தபோது பிற்பகுதியை விரித்து எழுதினார். விரித்தும், காதல் வெளிப்படும் அந்தக் கடைசிச் சந்திப்பில் நாயகி பேசுவது பெரும்பாலும் கணக்கு. தனக்கு மரபுரிமையாக வந்து பாங்கியில் இரண்டரை சதவிகித வட்டிக்குச் சும்மா கிடக்கும் 18,057 பவுனை அவன் எடுத்துக்கொண்டு ஆலையை நடத்தினால் தனக்கு அதைவிட நல்ல வட்டி கிடைக்குமே என்று, கையிலுள்ள காகிதங்களைப் புரட்டிக்கொண்டு, அவன் முகத்தைப் பாராமலே மார்கரெட் சொல்லிக்கொண்டு போகிறாள். அதன்பின் சிறிது நேரத்தில், இச்செய்தியைத் தன் சிற்றன்னையிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குக் கவலை வருகிறது. அவன் தாயார் என்ன சொல்வாள் என்று அவனுக்கும். இரண்டு கிழவிகளும் சம்மதிக்கப் போவதில்லை என்பதில் மட்டும் இருவருக்கும் அபிப்பிராய பேதமில்லை.